நாலு விரல் உயரத்தில் ஓர் ஊர்

சங்குமுனைத் தோணிக்காரர்கள் மூன்று பேர் மாலத்தீவிலிருந்து ஊர் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்று சொல்லலாமா என்பதை நீங்களே கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

தோணியை நடத்திப் போன தண்டல் சூசைமரியான் அங்கே காய்ச்சலில் படுத்துவிட்டார். மாசிக்கருவாடு ஏற்றியாகிவிட்டது, காற்றும் தோது. ஆகவே தொபியாஸ், லாசர், சிலுவைப்பிச்சை மூவரையும் கூப்பிட்டு வழி சொன்னார்.

"வடக்கே போங்க. பொழுது சாஞ்சதும் கையை நீட்டி, விரலைக் கடல் விளிம்புல படுக்கவச்சுப் பாருங்க. துருவ நட்சத்திரம் இங்க ரெண்டு விரல் உசரத்துல நிக்குது. போகப்போக ஏறும். நாலு விரல் ஆனதும் கிழக்கே திருப்புங்க. நேரா நம்ம ஊரு."

நடுக்கடலில்தான் லாசருக்குச் சந்தேகம் வந்தது. யாருடைய நாலு விரல்? அவன் விரல் வெண்டைக்காய், தொபியாஸின் விரல் வாழைக்காய். தண்டலின் விரலோ தண்டலோடு மாலத்தீவில் இருந்தது. திரும்பிப் போய் இரவல் கேட்கலாமா என்றுகூட யோசித்தார்கள்.

சிலுவைப்பிச்சைதான் வழி கண்டான். "தண்டல் கை அளவு என் கன்னத்துக்குத் தெரியும்லே."

உண்மைதான். வருஷக்கணக்காக அவரிடம் அறை வாங்கியவன் அவன். கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டான். லாசர் அறைந்தான். இது ஒல்லி என்று சிலுவைப்பிச்சை தள்ளிவிட்டான். தொபியாஸ் அறைந்தான். சிலுவைப்பிச்சை உருண்டுபோய்ப் பாய்மரத்தில் முட்டி, எழுந்து, நெகிழ்ந்த குரலில் "தண்டலேதான்" என்றான். ஐயம் திரிபற இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றுமுதல் தொபியாஸின் வலக்கைக்கு வேலையே கிடையாது. சோறுகூட லாசர்தான் ஊட்டினான். நட்சத்திரம் நாலு விரல் ஏறியது. கிழக்கே திருப்பினார்கள்.

குடிதண்ணீர் தீர்ந்துபோன ஒரு நாள், பொழுதுபோகாமல் தொபியாஸ் இடக்கையால் தூண்டில் போட்டான். கெளுத்தி மாட்டியது. நல்ல மீன் என்று வலக்கையால் அதைத் தட்டிக்கொடுத்தான். முள் ஏறிக் கை பூசணியாக வீங்கிவிட்டது.

பிற்பகலில் கரை தெரிந்தது. மாதா கோயில் தெரிந்தது. தொபியாஸின் மனைவி எஸ்தாக்கி கரையில் நின்று கையசைத்தாள். லாசர் நங்கூரத்தைப் போட்டுவிட்டான். பகலில் நட்சத்திரம் இல்லாமல் இது எந்த ஊர் என்று எப்படிச் சொல்வது? நாக்கு வறளக் காத்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. தொபியாஸ் வீங்கிய கையை நீட்டினான். ரெண்டு விரலிலேயே நட்சத்திரம் எட்டிவிட்டது.

"ரெண்டு விரல்னா மாலத்தீவு," என்றான் லாசர். "சுத்தித் திரும்ப வந்துட்டோம்."

"அப்போ எஸ்தாக்கி நிக்கிறாளே?"

"ஆளு மாதிரி ஆளு இருக்கும்லே. நட்சத்திரம் மாதிரி நட்சத்திரம் இருக்குமா?"

தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று இறங்கினார்கள். எஸ்தாக்கி அழுதுகொண்டே ஓடிவந்தாள். தொபியாஸ் ரெண்டடி பின்வாங்கினான். தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வீட்டுக்காரி சங்குமுனையில் இருக்கிறாள் என்று மரியாதையாகச் சொல்லி, கையை நீட்டி நட்சத்திரத்தையும் காட்டினான். ஊரே கூடி எட்டிப் பார்த்தது. சந்தேகமேயில்லை, ரெண்டு விரல்தான்.

எஸ்தாக்கி சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்நிய ஆண்கள் பசியோடு போகக்கூடாது என்று கட்டுச்சோறும் கொடுத்தாள். தோணியைத் தள்ளிவிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, சங்குமுனைக்குத்தானே போறிய? அங்க தொபியாஸ்னு ஒருத்தர் இருப்பாரு. பொண்டாட்டி மாலத்தீவுல தனியாக் கெடக்கான்னு சொல்லி, சீக்கிரம் வரச்சொல்லுங்க."

தொபியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளைத் தவிக்கவிட்ட அந்த ஆளைப் பார்த்தால் நறுக்கென்று கேட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்துப் பாயை விரித்தான்.