கொட்டிவிட்ட நீர்

ஆனி மாதம், மாலை நான்கு மணி பத்து நிமிடம். சாரலைத் தராத மேகம் பாளையங்கோட்டைக்கு மேல் நின்றது. வெறுங்காற்று ஆய்வகத்தின் சன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது.

இசக்கியப்பனுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகள் இதய அறுவை மருத்துவராக இருந்தவர். மனைவி கோமு இதயம் வீங்கி இறந்த மறு ஆண்டு, தம்மைவிட இருபது வயது இளையவரான மரபணுவியல் பேராசிரியை மெஹருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்தார். கோமுவைக் கொன்றது எது? அந்த ஒரு கேள்விதான் அவரிடம் இருந்தது. கோமுவின் இதயத் தசைத் துணுக்குகள் நான்கு உறைபெட்டியில் இருந்தன. மூன்றைச் செலவழித்தாயிற்று.

"ஒரு மரபணுவிலயும் பிழை இல்ல, மேடம். அதுக அனுப்புற செய்திதான் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கூடியிருக்கு. குத்தவாளியே இல்லாத கொலையா இது?"

"தசைய அரைச்சு வடிகட்டும்போது கீழ இறங்குன தண்ணிய என்ன செஞ்சீங்க, டாக்டர்?"

"கொட்டிட்டேன். அதுல இருந்தது வெறும் பொடி ஆர்.என்.ஏ. துணுக்குதானே."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"அத்தனை நெஞ்சத் திறந்த கை, ஒரு குழாயக் கவுக்க இவ்வளவு அவசரப்பட்டிருக்கே!" என்ற மெஹருன்னிசா, அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மைக்ரோ ஆர்.என்.ஏ. எல்லாம் அந்தப் பொடியிலதான் இருந்துச்சு. அதுக தானா எதையும் உண்டாக்காது. மரபணு அனுப்புற செய்தியப் பிடிச்சு, 'இவ்வளவு போதும்'னு நிறுத்தும். அவ்வளவுதான் அதுகளோட வேலை."

இசக்கியப்பன் கழுவுதொட்டியைப் பார்த்தார். கோமு மூன்று முறை அதன் வழியே போயிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மெஹருன்னிசா பனிக்கட்டியை நொறுக்கி வைத்துக் காத்திருந்தார். இசக்கியப்பன் அரிசியளவே இருந்த கடைசித் துணுக்கை எடுத்து வந்தார். இரண்டு மணி நேரம் இருவரும் அதை அரைத்து வடிகட்டினார்கள். ஒரு சொட்டும் கீழே போகவில்லை.

"இதுல எத்தனை வகை இருக்கும், மேடம்?"

"நூத்துக்கணக்குல. ஒண்ணு பல செய்திய அடக்கும். ஒரு செய்தியப் பலது சேர்ந்து அடக்கும்."

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். எது குறைஞ்சதால அவ போனா?"

மெஹருன்னிசா கையுறையைக் கழற்றினார்.

"கோமு அம்மா போனதால உங்க வீட்டுல எது குறைஞ்சுபோச்சு, டாக்டர்?"

"காப்பிக்கு ரெண்டாவது கரண்டி சீனி போட்டா, கையப் பிடிச்சுக்குவா. போன்ல நான் சத்தம் போட்டா, அடுக்களையிலருந்து ஒரு விரல் மட்டும் நீளும். தொட்டி நிரம்புறதுக்குள்ள மோட்டார நிறுத்திருவா. பத்து மணியானா என் கையிலருந்து புஸ்தகத்தப் பிடுங்கி... அப்புறம்..."

"இதுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

இசக்கியப்பன் குழாயைப் பனியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணத் தொடங்கியவர், எந்த ஒன்றிலும் நிறுத்த முடியாமல் முழுக் கையையும் மூடினார்.