அகராதி தின்ற கழுதை

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. குதிரைகள் வானத்தில் பறந்த காலத்தில், வெண்பாறை நாட்டில் கோரதந்தன் என்றொரு மந்திரவாதி இருந்தான். கடல் கடந்து போய் ஆங்கிலம் படித்து வந்தவன். அவன் தெருவில் வந்தால் எல்லோரும் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிய வேண்டும். ஒருநாள் ஊரார் குனிய மறுத்தார்கள்.

அவ்வளவுதான். ஊரின் ஒரே ஏரியைக் கண்ணாடியாக இறுக்கிவிட்டான். கரையில் மூன்று பலகைகளை நட்டான்.

"பலகைக்கு ஒரு ஆங்கிலச் சொல். அது எதைக் குறிக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். மூன்றும் சரியானால் ஏரி உருகும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குப் போய்விட்டான்.

மூன்றும் சின்னச் சொற்கள். மூன்றுக்கும் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே. படிக்கத் தெரியாத ஊரார் பலகைகளுக்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். மனிதனுக்குக் குனிய மறுத்தவர்கள் அவன் பலகைக்குக் குனிந்தார்கள். ஏரி உருகவில்லை.

மூன்று கோடைகள் போயின. கிணறுகள் வற்றின. ஊரில் சிரிப்புச் சத்தமே இல்லை.

துணி வெளுக்கும் செம்பாயியின் மகள் சிட்டு, தாகத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். வீட்டில் இருந்தது ஒரு செம்புத் தண்ணீர். பாதியை மகளுக்குப் புகட்டியபோது வாசலில் ஒரு கழுதை வந்து விழுந்தது. மந்திரவாதி அடித்துத் துரத்திய கிழட்டுக் கழுதை. தனக்கென்று வைத்த மீதியைச் செம்பாயி அதன் வாயில் ஊற்றினாள்.

"நல்லா இரு தாயி" என்றது கழுதை.

"பேசுறியா நீ?"

"எசமானோட அகராதியிலே ஒரு தாளைத் தின்னுட்டேன். அதுக்குத்தான் அடி. அந்தத் தாளிலே இருந்த சொல்லெல்லாம் என் வயித்துக்குள்ளே இருக்கு. ஏரிக்கரைச் சொல் மூணும் அந்தத் தாள்தான்."

"அப்போ வா."

"வர்றேன். ஆனா ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல என் பேச்சு குறையும். மூணையும் சொல்லிட்டா நான் வெறும் கழுதை."

செம்பாயி காலிச் செம்பைக் கீழே வைத்தாள். "உன் பேச்சு உன்னோடது. நான் பிடுங்க மாட்டேன்" என்றாள்.

கழுதை சிட்டுவைப் பார்த்தது. "பிள்ளையைத் தூக்கி என் முதுகிலே போடு."

ஏரிக்கரையில் அரசரின் மந்திரி மறித்தார். "எனக்கே விளங்காதது வெளுக்கிறவளுக்கு விளங்குமா?"

"எனக்கு விளங்காதுங்க. கழுதைக்கு விளங்கும். வழி விடுங்க."

முதல் பலகையை முகர்ந்தது கழுதை. "லேம்ப். விளக்கு." விளக்கை ஏற்றி வைத்தார்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தது.

இரண்டாம் பலகை. "லேண்ட். நிலம்." குரல் பாதியாகியிருந்தது. ஒரு பிடி மண் வைத்தார்கள். கண்ணாடி வியர்த்தது.

மூன்றாம் பலகை. "லாஃப்... சிரிப்பு, தாயி."

அதுதான் அது பேசிய கடைசிச் சொல்.

சிரிப்புக்கு எங்கே போவது? ஆளாளுக்கு உதட்டை இழுத்துப் பார்த்தார்கள். மந்திரி வாயைக் கோணினார். வரவில்லை. கழுதை ஏதோ சொல்ல வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. மந்திரியின் காதருகே நீட்டி முழக்கிக் கத்தியது. தலைப்பாகை உருள, மந்திரி மஞ்சள் பலகையைக் கட்டிக்கொண்டு குப்புற விழுந்தார்.

கழுதை முதுகில் கிடந்த சிட்டு சிரித்தாள்.

ஏரி உருகி அலையடித்தது. மந்திரம் கரைந்துபோன கோரதந்தன் நாட்டை விட்டே ஓடினான்.

ஏரியை மீட்டது தாமே என்று அரசர் கல்லில் பெயர் வெட்டிக்கொண்டார். வெட்டட்டும். சிட்டு படித்தாள்; அவளைப் பார்த்து ஊரே படித்தது. ஏரி நிரம்பும்போதெல்லாம் முதல் குடத்தை அங்கே யாரும் குடிப்பதில்லை. செம்பாயி வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய், தோள்துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து, கழுதையின் முன் வைக்கிறார்கள்.

யாரும் அவர்களைக் குனியச் சொல்லவில்லை.