விஸ்ஸர் துரைக்குப் பங்கு

பழவேற்காட்டுக் கோட்டையில் விஸ்ஸர் என்று ஓர் ஒல்லாந்துத் துரை. கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை கரையேறினால் போதும், முதல் கூடை மீனை ஓசியில் தூக்கிக்கொண்டு போவான். கேட்டால், "விஸ்ஸர்னா சாதாரணப் பேரா? பரம்பரைப் பேரு!" என்பான். தினமும் இதே ரோதனை. வலை இழுத்தவன் வீட்டில் வயிறு காயும்.

வலை இழுக்கும் கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "துரை, உங்க கப்பல்காரங்க எங்களையும் விஸ்ஸர்னுதான் கூப்பிடுறாங்க. மீன் பிடிக்கிறவன்னு அர்த்தமாமே?"

துரை முகம் சிவந்தது. "அது என் முப்பாட்டன் தொழில்!"

"அப்போ நம்ம ஆளுதான்! ஆனா இந்தக் கரையில கயிறு இழுத்தவனுக்குத்தான் பங்கு. வாங்க, பிடிங்க."

கரையே வேடிக்கை பார்த்தது. துரை ஈரக் கயிற்றைப் பார்த்தான். தன் பட்டுக் காலுறையைப் பார்த்தான்.

மறுநாள் முதல் துரை வீட்டில் கோழிக் குழம்புதான்.