இரண்டு சொட்டு எண்ணெய்

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு நசீமாவுக்கு முப்பத்தாறு. மேல்மலையில் லாரியோ பிக்கப்போ, பிரேக் என்றால் அந்த அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். இனி எந்த ஒர்க்‌ஷாப் வாசலையும் மிதிப்பதில்லை, வீட்டு முற்றத்திலேயே தன் கையால் பிரேக் மாற்றக் கற்றுக்கொள்வது என்று சவரிமுத்து சபதம் போட்டிருந்தார். ஆத்திரத்தில் படிக்க வந்த சீடர் அவர்.

மூன்று வாரத்துக்கு முன் காரட் மூட்டைகளோடு மலை இறங்கும்போது, நாலாவது கொண்டை ஊசி வளைவில் அவருடைய பிக்கப்பில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி தடுப்புச் சுவரில் மோதி நின்றது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மச்சினன் அமலன், மனைவியின் ஒரே தம்பி, கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தது. கட்டி இழுத்து வந்த வண்டி முற்றத்திலேயே கிடந்தது. நசீமா பாடம் சொல்ல வந்த நாள்வரை சக்கரத்தை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

"அடிவாரத்து மெக்கானிக்தான் எட்டு மாசம் முன்னாடி பிரேக் பேட் மாத்தினான். இன்னைக்கு வேல முடிஞ்ச கையோட கீழ எறங்கப் போறேன்," என்றார் சவரிமுத்து. வீல் ஸ்பேனரை அவர் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. "அந்தப் பாவிய என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க மேஸ்திரியம்மா."

"மொதல்ல சக்கரத்தக் கழட்டுங்க."

அவர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

"பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சீங்களா?"

"மறந்துட்டேன்."

"நீங்க கோவத்துல இருக்கீங்கன்னு வண்டிக்குத் தெரியாதுண்ணே. உருண்டா உங்க மேலதான் உருளும்."

கல் வைத்தார். முன் சக்கரத்தைக் கழற்றினார். பேடைக் கவ்வியிருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் திருகினார். திருகுக்கு ஒரு வசவு வீதம் அந்த மெக்கானிக்கின் பாட்டன் பூட்டன் வரை போய்விட்டார். காலிப்பர் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கியது.

"அப்படித் தொங்க விடாதீங்க. ஹோஸ் விட்டுப்போச்சுன்னா அப்புறம் பிரேக்கே இல்ல. கம்பியில கட்டுங்க."

கட்டினார். பேடை உருவி எடுத்து நசீமாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா. தேஞ்சு தகடாப் போச்சு."

நசீமா வாங்கி மோந்து பார்த்தார்.

"வீட்டுல தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?"

"தேங்காயெண்ணெய். அதுக்கென்ன?"

"அது எப்படி இங்க வந்துச்சு?"

"ஓ, அதுவா." சவரிமுத்து அலட்சியமாகச் சொன்னார். "பிரேக் அழுத்தும்போதெல்லாம் கீச்சு கீச்சுன்னு ஒரே கத்தல். சந்தையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, மானம் போச்சு. கதவுக் கீலுக்கு விடுற மாதிரி ரெண்டு சொட்டு விட்டேன். மறுபடி கத்தினா மறுபடி ரெண்டு சொட்டு. சத்தம் சுத்தமா நின்னுருச்சு."

நசீமா கோபப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. அன்று சவரிமுத்து பார்த்தார். பேடின் ஓரத்தில் நகம் அளவு ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தது. அதை நசீமா விரலால் சுண்டினார்.

"இது எதுக்கு இருக்கு தெரியுமா? பேட் தேஞ்சதும் இது சக்கரத்தோட சுத்துற டிஸ்க்குல உரசிக் கத்தும். கத்துறதுக்குன்னே வச்சது. மாத்து மாத்துன்னு எத்தன நாள் கத்துச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசம் கத்தினதோட வாயில எண்ணெய ஊத்தியிருக்கீங்க. வழுக்குற பேட் எதண்ணே புடிக்கும்?"

சவரிமுத்துவின் முகம் சிவந்தது. "எண்ணெய் விடக் கூடாதுன்னு அவன் சொல்லியிருக்கணும்ல?"

"யாருமே சொல்லலயா?"

சவரிமுத்து குனிந்து துடைக்கிற துணியை எடுத்தார். "அமலன் சொன்னான். தெனமும் சொன்னான். மூட்ட தூக்குறவனுக்குப் பிரேக்கப் பத்தி என்னடா தெரியும்னு ஏசிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் மெக்கானிக்கை ஏசவில்லை. டிஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவித் துடைத்தார். காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பேடை மாட்டினார். அடுத்த பக்கமும் அப்படியே. கடைசியில் வண்டியில் ஏறி பெடலை மிதித்தார். முதல் மிதி தரைவரை போனது. கெட்டியாகும்வரை மிதிக்கச் சொல்லி நசீமா பக்கத்திலேயே நின்றார்.

வேலை முடிந்தது. வீல் ஸ்பேனர் சீட்டில் கிடந்தது. சவரிமுத்து அதையே பார்த்தார். காலையில் இருந்த ஆத்திரம் அப்படியேதான் இருந்தது, போவதற்குத்தான் இடமில்லை.

"இப்ப நான் யார அடிக்கிறது?" என்று கேட்டார்.

"அமலன் எப்படி இருக்காரு?"

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்னப் பாத்தாலே கத்துவான். சொன்னேனே, சொன்னேனேன்னு. நானும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வாங்கிட்டுப் போயி, அந்த மெக்கானிக்கச் சும்மா விட மாட்டேன்டான்னு சொல்லிச் சொல்லிச் சமாதானம் பண்ணேன். இப்ப வீட்டுக்கு வந்துட்டான். ஒரு வாரமா ஒரு சத்தமும் இல்ல. என்கிட்டப் பேசுறதும் இல்ல. சரியாயிட்டான்னு நெனைக்கிறேன்."

நசீமா பழைய பேடை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அங்கயும் ரெண்டு சொட்டு விட்டுட்டீங்களாண்ணே?"