கல்லுக்குச் சுற்றிய பட்டு

கோடையில் அந்த ஆற்றைப் பார்த்தால் முழங்கால் தண்ணீர்தான் என்று தோன்றும். மடத்துக்கு எதிரே மட்டும் மணல் அள்ளியவர்கள் தோண்டிய பள்ளம் இருந்தது. அள்ளிக்கொண்டு போனவர்கள் மூடிவிட்டா போவார்கள்? போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் அதில் போய்விட்டான்.

மடத்தின் குரு தவமணி அம்மாள் கரையில் ஒரு கல்லை நட்டு, சிவப்புச் சாயத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'பள்ளம். இங்கே இறங்காதே.' பிறகு யாத்திரை கிளம்பிவிட்டார்.

குரு எழுதியது என்றால் சீடர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பூ வைத்தார். ஒருவர் விளக்கேற்றினார். அம்மாளைவிட வயதில் மூத்த சீடர் மாசிலாமணி, பட்டுப்புடவையே வாங்கிச் சுற்றிவிட்டார்.

சித்திரையில் வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. பட்டுக் கட்டிய கல்லைப் பார்த்து, விசேஷமான துறை போலிருக்கிறது என்று கும்பிட்டுவிட்டு அங்கேயே இறங்கியது. மாசிலாமணி தடுக்கவில்லை. அம்மாவின் கல் இருக்கும்போது என்ன பயம் என்று எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார்.

அந்த வீட்டுப் பெண் லாரி டியூபில் மிதந்தாள். பள்ளத்துக்கு மேலே டியூப் கவிழ்ந்தது. தகப்பன் குதிக்கப் போனார்.

அன்றுதான் ஊர் திரும்பிய தவமணி அம்மாள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா!"

"அப்போ குதிக்காதே. என் காலைப் பிடிச்சுக்கோ."

கல்லில் இருந்த பட்டை ஒரே இழுப்பில் உருவினார்.

"அம்மா! சாமி புடவை!" என்று அலறினார் மாசிலாமணி.

அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் குப்புறப் படுத்து, ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசினார். எட்டவில்லை. மறுபடி வீசினார். பெண்ணின் கை அதைப் பற்றியது. இருவருமாக அவளைக் கரைக்கு இழுத்தார்கள்.

மகளை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்த தகப்பன் அப்போதுதான் கல்லைப் படித்தார்.

"யாருய்யா இதை மூடி வெச்சது?"



"நீங்களா, மாசிலாமணி?" என்றார் அம்மாள்.

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"நீங்க கைப்பட எழுதினது. வெயில்ல சாயம் வெளுத்துடக் கூடாதேன்னுதான் சுத்தினேன்."

பெண் இன்னும் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள்.

"சாயம் அப்படியேதான் இருக்கு," என்றார் அம்மாள். "அந்தப் புள்ளை மூஞ்சியைப் பாருங்க. அதுதான் வெளுத்துக் கிடக்கு."