கையோடு கொண்டு வந்த அத்தாட்சி

முன்னொரு காலத்தில், பிறந்த தேதி என்றால் என்னவென்றே ஊர் ஜனங்களுக்குத் தெரியாத அந்த நல்ல காலத்தில், ஓர் அரசர் இருந்தார். ஒரு நாள் பல் துலக்கும்போதே அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், அதற்கு ஒரு சட்டமும் வேண்டும்! பள்ளிகளை நடத்தும் பொறுப்பை அரசவை விகடர் திருமேனியிடம் கொடுத்தார். சட்டம் எழுதும் வேலையைப் பிரதானி சங்கநாதரிடம் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

சிரிக்க வைக்கிறவனுக்கு இவ்வளவு பெரிய பதவியா என்று பிரதானிக்கு வயிறு எரிந்தது. சட்டத்தில் சத்தமில்லாமல் இரண்டு வரி சேர்த்தார். ‘ஐந்து வயது நிறைந்ததற்கான அத்தாட்சியைக் கையோடு கொண்டு வராத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை. பௌர்ணமிக்குள் முப்பது பிள்ளைகள் சேராத பள்ளி மூடப்படும்.’ அரசரும் முத்திரை வைத்துவிட்டார்.

அத்தாட்சி என்றால் ஜாதகம். அதுவோ மாளிகைக்காரர் வீடுகளில் மட்டும்தான் இருந்தது. தலைநகரத்துப் பள்ளியில் முதல் நாள் சேர்ந்தது ஒரே பிள்ளை, பிரதானியின் பேத்தி.

உப்பு விற்கும் வெள்ளாயி தன் மகள் மயிலியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் பிரதானியின் ஆள் மறித்தான்.

“ஜாதகம் எங்கே?”

“ஜாதகத்துக்கு நான் எங்க சாமி போவேன்? பெரிய ஏரி ஒடைஞ்சுச்சே, அந்த மழையிலதான் இவ பொறந்தா. ஊரே சாட்சி!”

“அப்படியானால் ஏரியைக் கூட்டி வா, கேட்கிறேன்” என்று கதவைச் சாத்தினான்.

உள்ளே நின்ற திருமேனி மூடிய கதவையே பார்த்தார். அவருக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். குயவர் வீட்டுப் பிள்ளை ஜாதகத்துக்கு எங்கே போகும்? வாத்தியார் வீட்டுச் சுவருக்கு வெளியே, புங்கமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே பிள்ளைகள் கத்திய ஆனா ஆவன்னாவைக் காதால் கேட்டுக் கேட்டே படித்தவர் அவர். அந்தப் புங்கம்பூ வாசனை இன்னும் மூக்கில் இருந்தது. உள்ளே போய் உட்கார வேண்டும் என்ற ஏக்கமும் போகவில்லை.

அடச் சட்டமே என்று அதை எடுத்து மறுபடியும் மறுபடியும் படித்தார். ‘கையோடு’ என்ற சொல்லில் வந்து நின்றார். சிரித்துவிட்டார்.

பௌர்ணமியன்று பிரதானி பூட்டோடு வந்தார். வேடிக்கை பார்க்க அரசரும் வந்தார். உள்ளே, திருமேனியே கதவைத் திறந்து சேர்த்துக்கொண்ட நாற்பது பிள்ளைகள்!

“பிரபு, சட்டத்தை மீறிவிட்டான்! ஒருவரிடமும் அத்தாட்சி இல்லை” என்று பிரதானி குதித்தார்.

“இருக்கிறது, அரசே. சட்டப்படி கையோடுதான் கொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைகளே, காட்டுங்கள்!” என்றார் திருமேனி.

மயிலியும் மற்றவர்களும் வலக்கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடக்காதைத் தொட்டார்கள்.

“ஐந்து வயது ஆகாவிட்டால் எட்டாது, அரசே. ஏட்டைத் திருத்தலாம். கையை இழுத்து நீட்ட முடியுமா?”

“கூத்தாடி புத்தி! என் பேத்தியின் ஜாதகத்துக்கு இது ஈடாகுமா?” என்றார் பிரதானி.

பேத்தியும் கையைப் போட்டது. எக்கியது, நெளிந்தது. காது எட்டவில்லை.

“தாத்தாதான் ரெண்டு வயசு கூட்டி எழுதச் சொன்னாரு” என்று அழுதது. பிரதானி பூட்டை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டார்.

அரசருக்கும் ஆசை வந்துவிட்டது. கையைப் போட்டார். மகுடம் தடுத்தது.

“மகுடத்தோடு எட்டாது, அரசே. கழற்றிவிட்டு வந்தால் தங்களுக்கும் இங்கே இடம் உண்டு.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். மகுடத்தைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற வெள்ளாயியிடம் நீட்டினார். “ஐயோ, உப்புக் கை சாமி!” என்று அவள் பதறுவதற்குள் காதைத் தொட்டுவிட்டார்.

“சட்டத்தில் ஓர் எழுத்தும் மாற வேண்டாம். இனி கையே அத்தாட்சி! திருமேனி, என்ன பரிசு வேண்டும்? யானையா, ஊரா?”

திருமேனி நரைத்த தலைக்கு மேலே கையைப் போட்டுக் காதைத் தொட்டார். கண் கலங்கிவிட்டது.

“பள்ளிப் பதிவேட்டில் என் பெயர், அரசே.”

அரசரே எழுத்தாணியை எடுத்தார். “எப்போது பிறந்தீர்?”

“அந்தப் பெரிய ஏரியை வெட்டின வருடம், அரசே. உடைந்தது பிறகுதான்.”

சிரித்துக்கொண்டே அதையும் எழுதினார் அரசர். திருமேனி போய் மயிலிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சட்டங்கள் வந்தன, போயின. கதையை நம்பாவிட்டால் போங்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பள்ளியில் சேர்ந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் கை தலைக்கு மேலே போகும்.