பனி நாளில் வைத்த குழம்பு

சோழவள நாட்டு மன்னார்குடியில் தோன்றியவரும், நெல் அரவை ஆலை நடத்திப் பேர் பெற்றவரும், அகவை அறுபத்து நான்கு நிறைந்தவருமாகிய திருவாளர் பக்கிரிசாமி அவர்கள், இமயமலைச் சரிவில் இருந்த ஒரு சிறு குடிலில், தம்மைவிடப் பதினாறு வயது இளையவரான நீலாம்பிகை அம்மையாரின் முன் கைகட்டி நின்று கேட்டார்.

"அம்மா, எனக்கு எப்போது காவி கொடுப்பீர்கள்?"

அம்மையார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விடியலில் பிடித்த பனி நின்றபாடில்லை. தேவதாரு மரங்கள் நரைத்துவிட்டன. ஊருக்கு இறங்கும் பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை.

"எதை விடப் போறீங்க?"

"எல்லாவற்றையும். ஆலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். வீட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'சரி, ஸ்வெட்டர் எடுத்துக்குங்க' என்றாள்."

அம்மையார் திரும்பிப் பார்த்தார்.

"ஐப்பசியிலிருந்து உப்பில்லாக் கஞ்சி ஒன்றே என் உணவு. நாக்கை ஜெயித்துவிட்டேன், அம்மா."

"சண்டைக்கே வராத ஆளை எப்படி ஐயா ஜெயிச்சீங்க?"

பக்கிரிசாமிக்கு இது விளங்கவில்லை. ஆயினும் சீடனுக்குரிய முறையில் தலையை அசைத்து வைத்தார்.

அம்மையார் மாடத்திலிருந்து சரக்கறைச் சாவியை எடுத்து நீட்டினார். அதன் அருகில், நான்காக மடித்த காவி வேட்டி ஒன்று இருந்தது. வந்த நாள்முதல் பக்கிரிசாமியின் கண் அதன்மேல்தான்.

"மழை பிடிச்ச நாள்ல உங்க வீட்டுல என்ன சமைப்பாங்க?"

"ஒரு குழம்பு. கறுப்பாக இருக்கும். கூடவே சுட்ட அப்பளம்."

"அதை இன்னைக்கு வைங்க. நீங்க விடறதுக்கு முன்னாடி நானும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறேன். சரியா வந்துட்டா, காவி இன்னைக்கே."

பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது ஆண்டுகள் உண்ட குழம்பு. இதுவா சோதனை?

*

சரக்கறையின் கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கோடையில் தமிழ்நாட்டிலிருந்து யாத்திரை வருவோர், மேலே ஏறுமுன் சுமையைக் குறைத்துக்கொள்ள, கொண்டுவந்த பண்டங்களை அம்மையாரிடம் விட்டுச் செல்வது வழக்கம். அவை யாவும் அங்கே ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. வெயில் காய்ந்த மொட்டைமாடிகளின் வாசனை, வெளியே பனி கொட்டும் அந்த அறையில் கமகமவென்று நிறைந்திருந்தது.

உருட்டிவைத்த பழம்புளி. மூங்கில் கூடையில் மிளகாய் வற்றல். மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல், சுண்டைக்காய் வற்றல், கொத்தவரங்காய் வற்றல். தகர டப்பாவில் கட்டிப் பெருங்காயம். கட்டுக் கட்டாக அப்பளம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். தேங்காயெண்ணெய் மட்டும் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடந்தது.

எல்லாம் இருந்தன. எதை எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

குழம்பு கறுப்பாக இருக்கும். அது தெரியும். வீட்டுக்காரி தட்டில் சோற்றின் நடுவே குழி பறித்து ஊற்றுவாள். அதுவும் தெரியும். அதற்கு முன் அது என்னவாக இருந்தது?

துணிந்து புளியைக் கரைத்தார். கைக்கு அகப்பட்ட பொடியைப் போட்டார். கறுப்பாகட்டும் என்று மிளகு கொஞ்சம் இடித்துச் சேர்த்தார். கொதித்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சென்று பணிவுடன் நீட்டினார்.

அம்மையார் ஒரு வாய் குடித்தார்.

"ரசமா?"

"குழம்பு, அம்மா."

"எந்த ஊர்ல?"

பக்கிரிசாமி கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாகிட்டேயே கேட்டுடுங்களேன்," என்றார் அம்மையார்.

"வீட்டைத் துறந்தவன் வீட்டுக்குப் போன் செய்யலாமா?"

"இன்னும் காவி வாங்கலையே!"

*

அந்தக் குடிலில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே. பின்புறம், விறகு அடுக்கின் உச்சி. பக்கிரிசாமி அதன்மேல் ஏறி நின்றார். அம்மையார் கீழே நின்று, நனையாதபடி அவருக்குக் குடை பிடித்தார்.

"ஏங்க, உடம்புக்கு என்ன?" மணி அடித்து முடிக்குமுன் மனைவி செங்கமலத்தின் குரல்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மழை நாள்ல ஒரு குழம்பு வைப்பியே, கறுப்பா..."

"வத்தக்குழம்பா? அதுக்கா அங்கேருந்து போன் பண்றீங்க?"

"அம்மா வைக்கச் சொல்லியிருக்காங்க."

"யாரை?"

"என்னைத்தான்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "பாலைப் பார்த்துக்கச் சொன்னா பொங்கவிட்டுட்டுப் பேப்பர் படிப்பீங்களே! அந்தம்மா பாவம்ங்க!"

குடையின் கீழிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது.

"சொல்லு செங்கமலம், பனி கொட்டுது."

"நல்லெண்ணெய் தாராளமா ஊத்துங்க, கை நடுங்காம. முதல்ல மணத்தக்காளி வத்தலைப் பொரிச்சுத் தனியா வச்சுக்குங்க. அதே எண்ணெயில கடுகு, மிளகாய், பெருங்காயம், வெந்தயம். வெந்தயம் சிவக்கணும், கருகிடக் கூடாது. பழம்புளியைத் திக்கா கரைச்சு ஊத்துங்க. எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நீங்க நகருவீங்க."

"நகர மாட்டேன். இங்கே சுண்டைக்காய் வத்தலும் ஒரு ஜாடி நிறைய இருக்கு."

"அது வேண்டாம். உங்களுக்குத்தான் ஆகாதே."

"நான் எப்போ சொன்னேன்?"

"சொல்லல. கல்யாணமான புதுசுல, கசக்குதுன்னு இலையோரமா ஒதுக்கி வச்சீங்க. அன்னையோட நம்ம வீட்டுல அதை நிறுத்திட்டேன்."

பக்கிரிசாமி கைபேசியை மற்றொரு காதுக்கு மாற்றினார்.

"உனக்கு?"

"எனக்கு என்ன?"

"உனக்கு எது பிடிக்கும்?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியை எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"சுண்டைக்காய்தான்," என்றாள் செங்கமலம். "எங்க அம்மா வீட்டுல அதுதான் வைப்போம். சரி, அது கிடக்கட்டும். உப்பு போட மறந்துடாதீங்க. தலைக்கு மப்ளர் கட்டியிருக்கீங்களா?"

அவர் விடை சொல்லுமுன் இணைப்பு அறுந்தது.

பக்கிரிசாமி விறகின்மேல் அப்படியே நின்றார். குடையில் பனி சேர்ந்து கனத்தது. அம்மையார் கை மாற்றிப் பிடித்தாரேயன்றி, இறங்குங்கள் என்று சொல்லவில்லை.

*

இம்முறை பக்கிரிசாமி அவசரப்படவில்லை.

சரக்கறையில் மணத்தக்காளி ஜாடியைத் தொட்டார். பிறகு அதை விட்டுச் சுண்டைக்காய் ஜாடியை இறக்கினார்.

எண்ணெய் காய்ந்தது. வற்றலைப் போட்டதும் அது பொருமி, கருத்து, படபடவென்று பேசியது. எடுத்து வைத்தார். கடுகு வெடித்தது. வெந்தயம் பொன்னாயிற்று, செம்பாயிற்று; அதற்கு மேல் போக இடம் கொடாமல் புளிக்கரைசலை ஊற்றினார். உஸ்ஸென்று ஆவி எழுந்து மூக்குக்கண்ணாடியை மூடியது. துடைக்கக்கூட அவர் நகரவில்லை.

குழம்பு கொதித்தது. சுண்டியது. நிறம் மாறிற்று. பெருங்காய மணம் குடிலெங்கும் பரவிற்று. அடுப்பின் முன் நின்ற நின்றபடியே அவர், இதை ஒருத்தி எத்தனை மழை நாட்களில் இப்படி நின்று காய்ச்சியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தார். ஆலையிலிருந்து வந்து உட்காருவார். பேப்பரைப் பிரிப்பார். உண்பார். கைகழுவுவார். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? நினைவு கிட்டவில்லை.

ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மினுமினுத்தது.

வற்றலைக் கொட்டினார். உப்பைப் போட்டார். தணலில் அப்பளத்தைச் சுட்டார். ஒன்று கருகியது, அதைத் தமக்கு வைத்துக்கொண்டார்.

*

இருவரும் அடுப்பின் அருகே உண்ண அமர்ந்தார்கள்.

அம்மையார் பிசைந்தார். ஒரு கவளம் உண்டார். கண்ணை மூடினார். இரண்டாவது கவளத்துக்குத்தான் திறந்தார்.

"மகராசி," என்றார். சமைத்தவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

பக்கிரிசாமி முதற்கவளத்தை வாயிலிட்டார். சுண்டைக்காய் ஒன்று பல்லில் உடைந்தது. முகம் சுளித்தது.

"கசக்குதா?"

"கசக்கிறது, அம்மா."

"ஒதுக்கி வச்சுடுங்களேன்."

அவர் மென்றார். கசப்பு இறங்கியது. அதன் பின்னால் புளிப்பு வந்தது. புளிப்பின் பின்னால் எண்ணெயின் இனிமை. மற்றொரு சுண்டைக்காயைத் தேடி எடுத்தார். அதையும் மென்றார். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

அம்மையார் எழுந்தார். கைகழுவிவிட்டு, மாடத்திலிருந்த காவியை எடுத்து வந்து அவருடைய தட்டின் அருகே வைத்தார்.

"சரியா வந்திருக்கு. சொன்ன சொல் சொன்னதுதான். எடுத்துக்குங்க."

பக்கிரிசாமி அந்தக் காவியைப் பார்த்தார். குழம்பு பட்டுவிடாதபடி இடக்கையால் மெல்ல அதைத் தள்ளி வைத்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"கீழே போகிற பஸ் என்றைக்கு ஓடும்?"

அம்மையார் அகப்பையை எடுத்து, அவருடைய சோற்றின் நடுவே குழி பறித்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

அன்று குரோதி ஆண்டு, மார்கழித் திங்கள் இருபத்தைந்தாம் நாள், வியாழக்கிழமை.